ஒரு வரி மாறினால் எத்தனை இடம் மாறும்?
பில் போடும் மென்பொருளில் ஒரு செயற்கூறு எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது என்று கண்டுபிடிக்கும் பாடம்

2025 செப்டம்பர் 22 உங்களுக்கு நினைவிருக்கும். நவராத்திரியின் முதல் நாள். அன்றுதான் புதிய ஜிஎஸ்டி விகிதங்கள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. செப்டம்பர் 3-ஆம் தேதி நடந்த ஜிஎஸ்டி மன்றத்தின் 56-ஆவது கூட்டத்தில் எடுத்த முடிவு அது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கு வந்தன. சிமெண்ட் 28-லிருந்து 18 ஆனது. பள்ளிப் பிள்ளைகளின் பென்சிலுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் வரியே இல்லை என்றானது.

அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் மூன்று வாரம்கூட இல்லை. அந்த இடைவெளிக்குள் பெரிய நிறுவனங்களின் மென்பொருள் முதல் நயினார்கோவில் கடைத்தெருவில் இருக்கும் ஒரு மளிகைக்கடையின் பில் மெஷின் வரை எல்லாமே மாற வேண்டியிருந்தது.

“ஒரு நம்பரை மாத்துறதுக்கு இவ்வளவு நாளா?” என்று தோன்றலாம். 18 என்று இருக்கும் இடத்தில் 5 என்று போட ஒரு நிமிடம் போதும். அந்த எண்ணைப் பயன்படுத்தும் இடங்கள் எத்தனை, எவை என்று கண்டுபிடிப்பதில்தான் நாட்கள் போகின்றன. அதை எப்படிச் செய்கிறார்கள் என்று இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

யாருக்கு இந்தப் பாடம்?

நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்கும், கடைக்கு பில் மென்பொருள் வாங்கி வைத்திருக்கும் வியாபாரிகளுக்கும், கையில் வந்த பில்லைச் சரிபார்க்க நினைக்கும் எல்லோருக்கும் பயன்படும். கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கையில் ஸ்மார்ட்ஃபோன் இருந்தால் போதும்.

செயற்கூறு என்றால் என்ன?

புரோகிராமர்கள் ஃபங்ஷன் என்று சொல்வதை நம் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல் செயற்கூறு என்கிறது. ஒரு வேலையை ஒரே இடத்தில் எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்து, தேவைப்படும் இடத்திலெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் விஷயம். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கு ‘அழைப்பு’ என்று பெயர்.

ஒரு பில் மென்பொருளில் வரியைக் கணக்கிடும் செயற்கூறு இப்படி இருக்கலாம்:

செயற்கூறு வரி_கணக்கு(பொருள், விலை, தேதி)
விகிதம் = விகிதம்_எடு(பொருள், தேதி)
திருப்பு விலை × விகிதம் ÷ 100

பொருளின் பெயர், வரிக்கு முந்தைய விலை, தேதி ஆகிய மூன்றையும் கொடுத்தால் வரித்தொகையைத் திருப்பித் தரும். 100 ரூபாய் சோப்புக்கு செப்டம்பர் 20 என்று கொடுத்தால் 18 ரூபாய். செப்டம்பர் 25 என்று கொடுத்தால் 5 ரூபாய். இவ்வளவுதான்.

இந்த யோசனை கணினியின் ஆரம்ப காலத்திலேயே வந்துவிட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949-இல் ஓடத் தொடங்கிய எட்சாக் என்ற கணினியில், ஒரு வேலையை ஒருமுறை எழுதிப் பல இடங்களிலிருந்து அழைக்கும் வழியை டேவிட் வீலர் உருவாக்கினார். வேலை முடிந்ததும் எங்கிருந்து அழைக்கப்பட்டதோ அங்கேயே திரும்பிப் போக வேண்டும் என்பதுதான் அதில் இருந்த சிக்கல். ‘யார் அழைத்தார்?’ என்ற கேள்வி செயற்கூறு பிறந்த அன்றே அதனுடன் பிறந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஏன் தேட வேண்டும்?

ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கண்மாயைச் சொன்னால் உடனே புரியும். ஒரு மடையின் அளவை மாற்றுவதற்கு முன் அந்த மடைத் தண்ணீர் எந்தெந்த வாய்க்கால் வழியாக எந்தெந்த வயலுக்குப் போகிறது என்று பார்ப்பார்கள். பார்க்காமல் மாற்றினால் மேல்வயல் மூழ்கும், கடைமடை காயும். செயற்கூறும் அப்படித்தான். அதை மாற்றினால் அதை அழைக்கும் எல்லா இடங்களும் பாதிக்கப்படும்.

இப்போது ஒரு மளிகைக்கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு வாடிக்கையாளர் செப்டம்பர் 20 அன்று வரிக்கு முன் 100 ரூபாய் மதிப்புள்ள சோப்புக் கட்டு வாங்குகிறார். வரியோடு 118 ரூபாய் கொடுக்கிறார். 25-ஆம் தேதி, “அண்ணே, இது வேற மணம், வேணாம்” என்று திருப்பிக் கொடுக்கிறார். மென்பொருள் அன்றைய தேதியை வைத்து வரியைக் கணக்கிட்டு 105 ரூபாய் என்று காட்டுகிறது. “118 கொடுத்தேனே?” என்று அவர் கேட்கிறார். “மெஷின் இப்படித்தான் காட்டுது தம்பி” என்கிறார் கடைக்காரர்.

இதில் இருவருக்குமே நஷ்டம் வரலாம். வாடிக்கையாளருக்கு 13 ரூபாய் குறைகிறது. சரி என்று கடைக்காரர் 118-ஐத் திருப்பிக் கொடுத்தாலும், அவர் 18 ரூபாய் வரி கட்ட வேண்டிய கணக்கில் 5 ரூபாய் மட்டுமே கழியும். விற்றதற்குத் திரும்ப வரவுக் குறிப்பு போடும்போது அது பழைய பில்லைச் சார்ந்தது. அந்த பில்லில் என்ன வரி போட்டார்களோ அதையே திருப்ப வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆவது பிரிவு வரவுக் குறிப்புகளைப் பற்றிப் பேசுகிறது.

இங்கே வரி_கணக்கு என்ற செயற்கூறில் எந்தத் தவறும் இல்லை. அதை அழைத்த இடம் தவறான தேதியைக் கொடுத்தது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் செயற்கூறை மட்டும் நூறு முறை சோதித்தாலும் பிரச்சினை தீராது. ஆகவே அழைக்கும் இடங்களைத் தேடுவோம்.

படி 1: பெயரைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்

முதலில் செயற்கூறு எழுதப்பட்டிருக்கும் கோப்பைத் திறந்து, அதன் முழுப்பெயர், அது கேட்கும் உள்ளீடுகள், திருப்பித் தரும் மதிப்பு ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் பெயர் வரி_கணக்கு. உள்ளீடுகள் பொருள், விலை, தேதி. தருவது ரூபாயில் வரித்தொகை.

‘தேதி’ என்ற உள்ளீட்டின் கீழ் ஒரு கோடு போட்டு வையுங்கள். இது பில்லின் தேதியா, இன்றைய தேதியா, பொருள் கொடுத்த தேதியா? செயற்கூறுக்கு அது தெரியாது. எந்தத் தேதி கொடுத்தாலும் கணக்கிட்டுத் தரும்.

படி 2: எழுத்துத் தேடல்

அடுத்து, மென்பொருளின் எல்லாக் கோப்புகளிலும் அந்தப் பெயரைத் தேடுங்கள். யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் இதற்கு ‘கிரெப்’ என்ற கட்டளை இருக்கிறது. கென் தாம்சன் எழுதிய அந்தச் சிறு கருவி 1973-லிருந்து புழக்கத்தில் உள்ளது. ஐம்பது ஆண்டு தாண்டியும் புரோகிராமர்கள் முதலில் எடுப்பது அதைத்தான். நிரல் எழுதும் எந்த எடிட்டரிலும் ‘எல்லாக் கோப்புகளிலும் தேடு’ என்ற வசதி உண்டு, அதுவும் இதே வேலையைச் செய்யும்.

நம் கற்பனைக் கடையின் மென்பொருளில் தேடினால் 11 வரிகள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உடனே “பதினொரு இடம்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரித்துப் பாருங்கள்:

• 1 வரி – செயற்கூறு எழுதப்பட்ட இடமே. இது அழைப்பு ஆகாது.
• 3 வரிகள் – புரோகிராமர் எழுதிவைத்த குறிப்புகள். கணினி இவற்றைப் படிக்காது.
• 2 வரிகள் – வரி_கணக்கு_பழையது என்ற வேறொரு செயற்கூறு. பெயரின் முன்பகுதி ஒன்றாக இருப்பதால் மாட்டிக்கொண்டது.
• 5 வரிகள் – உண்மையான அழைப்புகள்.

தேடும்போது பெயரோடு திறப்பு அடைப்புக்குறியையும் சேர்த்துத் தேடினால் பட்டியல் சுருங்கும். அதற்காக அதை மட்டுமே நம்ப வேண்டாம். சில மொழிகளில் அடைப்புக்குறி இல்லாமலும் ஒரு செயற்கூறை இன்னொன்றிடம் ஒப்படைக்கலாம். எனவே ஒருமுறை குறியோடும் ஒருமுறை குறியில்லாமலும் தேடுங்கள்.

படி 3: எடிட்டரிடம் கேளுங்கள்

எழுத்துத் தேடலுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும். நிரலின் பொருளைப் புரிந்துகொண்டு தேடும் வசதி இன்றைய எடிட்டர்களில் இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ கோடு என்ற இலவச எடிட்டரில் பெயரின் மீது கர்சரை வைத்து ஷிஃப்ட், எஃப்12 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அது பயன்படும் இடங்கள் வரிசையாக வரும். இன்டெலிஜே எடிட்டரில் இதற்கு ஆல்ட், எஃப்7. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்ஏபி மென்பொருளில் ‘வேர் யூஸ்டு லிஸ்ட்’, அதாவது ‘எங்கே பயன்படுகிறது’ என்ற பெயரிலேயே ஒரு பட்டியல் கிடைக்கும்.

நம் உதாரணத்தில் எடிட்டர் 4 அழைப்புகளைக் காட்டுகிறது. படி 2-இல் 5 வந்ததே, ஒன்று எங்கே போனது? பில்லை அச்சிடும் படிவத்தில் இருக்கிறது. அது நிரல் கோப்பு வகையில் வராததால் எடிட்டர் அதற்குள் எட்டிப் பார்க்கவில்லை. குறிப்பு வரிகளையும் வேறு பெயரையும் எடிட்டர் தானாகவே ஒதுக்கிவிட்டது. ஆனால் ஒரு உண்மையான அழைப்பையும் சேர்த்து விட்டுவிட்டது.

ஆகவே இரண்டு தேடலையும் செய்து, எண்ணிக்கையில் வித்தியாசம் வந்தால் அது ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் பிழை அந்த வித்தியாசத்தில்தான் ஒளிந்திருக்கும்.

இன்னொரு வசதி ‘கால் ஹையரார்க்கி’, அதாவது அழைப்பு அடுக்கு. வரி_கணக்கை அழைப்பது பில்_மொத்தம் என்ற செயற்கூறு. அந்தப் பில்_மொத்தத்தை அழைப்பது யார்? கடையின் கல்லாத் திரை ஒன்று, மொத்த வியாபார ஆர்டர் திரை இன்னொன்று. ஒரு படி மேலே போய்ப் பார்த்தபோதுதான் இரண்டு கதவுகள் இருப்பது தெரிகிறது. பயனாளர் தொடும் பொத்தான் வரும்வரை மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும்.

படி 4: மறைந்திருக்கும் அழைப்புகள்

இந்தப் படியில்தான் அனுபவசாலிகள்கூடத் தடுமாறுவார்கள். வணிக மென்பொருளில் எல்லா அழைப்பும் நிரலில் நேரடியாக எழுதப்பட்டிருக்காது. ஒளிந்திருக்கும் இடங்கள் இவை:

• அமைப்புக் கோப்பு. ‘பில் சேமித்ததும் இந்தச் செயற்கூறை ஓட்டு’ என்று பெயர் வெறும் எழுத்தாக எழுதப்பட்டிருக்கும்.
• தரவுத்தளம். கடைக்காரர் விருப்பப்படி அமைத்துக்கொண்ட விதிகள் அதற்குள் இருக்கும். நிரல் கோப்புகளில் எவ்வளவு தேடினாலும் வராது.
• நேரம் குறித்த வேலைகள். இரவு 11 மணிக்குத் தானாக ஓடி அன்றைய கணக்கை முடிக்கும் வேலை ஓர் உதாரணம்.
• அச்சுப் படிவம், வாட்ஸ்அப் பில், மின்னஞ்சல் படிவம்.
• வெளியிலிருந்து வரும் அழைப்பு. கடையின் மொபைல் செயலி இணையம் வழியாக அழைக்கலாம்.
• பெயரைத் துண்டு துண்டாகச் சேர்த்து அழைப்பது. ‘வரி_’ என்பதோடு ‘கணக்கு’ என்பதை ஓடும்போது ஒட்டினால், முழுப்பெயர் எந்தக் கோப்பிலும் இருக்காது.

இதற்கு நம் நாட்டிலேயே உருவான நல்ல உதாரணம் இருக்கிறது. மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய இஆர்பிநெக்ஸ்ட் ஒரு கட்டற்ற வணிக மென்பொருள். அதன் நிரல் முழுவதும் கிட்ஹப் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைக்கப்பட்டுள்ளது. அதில் ‘ஹுக்ஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்பு உண்டு. எந்த ஆவணத்தைச் சேமித்தால் எந்தச் செயற்கூறு ஓட வேண்டும் என்று அதில் மேற்கோள் குறிக்குள் எழுத்தாக எழுதிவைக்கிறார்கள். எடிட்டரின் ‘பயன்படும் இடம்’ வசதிக்கு அது வெறும் எழுத்துதான். கிரெப் போன்ற எழுத்துத் தேடல்தான் அதைப் பிடிக்கும்.

அதே மென்பொருளில் இன்னொரு பாடமும் உண்டு. வரியையும் மொத்தத்தையும் கணக்கிடும் வேலை இரண்டு இடங்களில், இரண்டு மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது. சர்வரில் ஓடுவது பைத்தான் மொழியில். உங்கள் திரையில் உடனுக்குடன் மொத்தத்தைக் காட்டுவது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில். ஒன்று மற்றொன்றை அழைப்பதில்லை, இரண்டும் தனித்தனியாக ஒரே கணக்கைப் போடுகின்றன. காரணமும் நியாயமானதுதான். ஒவ்வொரு எண்ணைத் தட்டும்போதும் சர்வரைக் கேட்டுக்கொண்டிருந்தால் திரை மெதுவாகிவிடும். ஆனால் கணக்கு முறையை மாற்றும்போது ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால், திரையில் ஒரு தொகையும் சேமித்த பில்லில் வேறு தொகையும் வரும். அதனால் “இதை யார் அழைக்கிறார்கள்?” என்று கேட்டு முடித்ததும், “இதே வேலையை வேறு யாராவது தனியாகச் செய்கிறார்களா?” என்றும் கேளுங்கள்.

நம் கடையின் மென்பொருளில் தரவுத்தளத்தைத் தேடியபோது ஆறாவது அழைப்பு சிக்குகிறது. இரவு 11 மணிக்கு ஓடும் வேலை அது, முதலாளியின் ஃபோனுக்கு அன்றைய வரித்தொகையை அனுப்புகிறது.

படி 5: ஓட்டிப் பாருங்கள்

படித்துத் தேடியது போதும். இப்போது மென்பொருளை ஓட்டியே பார்க்கலாம். நிஜக் கடையின் கணக்கில் ஒருபோதும் செய்யாதீர்கள், சோதனைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள்.

செயற்கூறின் முதல் வரியில் ஒரு நிறுத்தப் புள்ளி வையுங்கள். எடிட்டரில் வரி எண்ணுக்குப் பக்கத்தில் தொட்டால் சிவப்புப் புள்ளி வரும். பிறகு ஒரு பில் போடுங்கள். நிரல் அந்தப் புள்ளியில் வந்து நிற்கும். அப்போது பக்கத்தில் ‘கால் ஸ்டேக்’ என்ற அடுக்கு தெரியும். இந்தச் செயற்கூறை அழைத்தது யார், அவரை அழைத்தது யார் என்று வரிசையாக இருக்கும். சாட்சி சொல்வது போல.

நிறுத்த முடியாத இடங்களில், செயற்கூறின் தொடக்கத்தில் ‘யார் அழைத்தார், என்ன தேதி கொடுத்தார்’ என்று ஒரு பதிவு எழுதும் வரியைச் சேர்க்கலாம். ஒரு வாரம் ஓடவிட்டால் இரவு வேலை உட்பட எல்லாம் வந்து நிற்கும். மாதம் ஒருமுறை ஓடும் அறிக்கை மட்டும் அந்த ஒரு வாரத்தில் வராமல் போகலாம். அதனால் பதிவில் வராததை ‘அழைக்கப்படவே இல்லை’ என்று முடிவு செய்துவிடக் கூடாது.

படி 6: பட்டியல் போட்டு ஒவ்வொன்றையும் கேளுங்கள்

அழைக்கும் இடங்கள் கிடைத்துவிட்டன. இனி ஒவ்வொன்றும் எந்தத் தேதியைக் கொடுக்கிறது என்று பார்க்கலாம்:

1. கல்லாவில் புதிய பில் – இன்றைய தேதி. சரி.
2. பழைய பில்லின் மறுபிரதி – இன்றைய தேதி. தவறு. மறுபிரதி எடுக்கும்போது வரியை மறுபடி கணக்கிடவே கூடாது. அன்று சேமித்த தொகையை அப்படியே அச்சிட வேண்டும்.
3. பொருள் திரும்பப் பெறுதல் – இன்றைய தேதி. தவறு. மூல பில்லின் தேதி வேண்டும்.
4. மாத அறிக்கை – ஒவ்வொரு பில்லின் தேதி. சரி. 2025 செப்டம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-1 கணக்கில் முதல் 21 நாட்களுக்குப் பழைய விகிதம், கடைசி 9 நாட்களுக்குப் புதிய விகிதம் என்று ஒரே மாதத்தில் இரண்டும் வந்திருக்கும்.
5. முன்கூட்டிய விலைப்புள்ளி – விலைப்புள்ளி கொடுத்த தேதி. விற்பனையாக மாறும்போது இதை மறுபடி பார்க்க வேண்டும். 15-ஆம் தேதி சிமெண்டுக்கு விலை சொல்லி, 25-ஆம் தேதி சரக்கு கொடுத்து பில் போட்டுப் பணமும் வாங்கினால் புதிய விகிதம்தான் வர வேண்டும்.
6. இரவுக் குறுஞ்செய்தி – இன்றைய தேதி. அன்று போட்ட பில்களுக்குச் சரி. அன்று திரும்பி வந்த பொருட்களுக்குத் தவறு.

பாருங்கள், ஆறில் இரண்டு நேரடித் தவறு, இரண்டு அரைகுறை. செயற்கூறில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமலே சரிசெய்ய வேண்டிய இடங்கள் தெரிந்துவிட்டன. அழைக்கும் இடத்தையும், அது கொடுக்கும் உள்ளீட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தேடல் முடிந்ததாக அர்த்தம்.

பெட்டிச் செய்தி: 45 நிமிடம், 46 கோடி டாலர்

அழைப்பைத் தேடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற நிகழ்வு உண்டு. நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் மென்பொருளில், 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய ‘பவர் பெக்’ என்ற செயல்பாடு நீக்கப்படாமல் கிடந்தது. 2012-இல் புதிய வசதி ஒன்றைச் சேர்த்தபோது, பழைய செயல்பாட்டை இயக்கிய அதே அடையாளக் குறியைப் புதியதற்கும் பயன்படுத்தினார்கள். மொத்தம் எட்டு சர்வர்கள். அதில் ஒன்றுக்குப் புதிய நிரல் போய்ச் சேரவில்லை.

2012 ஆகஸ்ட் 1 காலையில் சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் பழைய செயல்பாடு விழித்துக்கொண்டு, நிறுத்தாமல் ஆர்டர்களை அனுப்பியது. சுமார் 45 நிமிடத்தில் நிறுவனத்துக்கு 46 கோடி டாலருக்கும் மேல் இழப்பு. மறு ஆண்டு அந்நாட்டுப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் அதன்மேல் 1.2 கோடி டாலர் அபராதமும் விதித்தது. “இதை இப்போ யாரும் கூப்பிடுறதில்லை” என்று சொல்வதற்கு முன், கூப்பிட வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழி இருந்தால் அடைக்க வேண்டும்.

பெட்டிச் செய்தி: தமிழில் பெயர் வைத்தால் கவனம்

2008-இல் வந்த பைத்தான் 3 முதல், அந்த மொழியில் தமிழ் எழுத்திலேயே செயற்கூறுக்குப் பெயர் வைக்கலாம். ஆனால் தேடும்போது ஒரு சிக்கல் வரும். ‘பொருள்’ என்ற சொல்லில் உள்ள ‘பொ’ எழுத்தின் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைத்தான் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். சாதாரண எழுத்துத் தேடலுக்கு அவை வேறு வேறு. ‘ஸ்ரீ’ எழுத்துக்கும் இதேபோல இரண்டு வடிவங்கள் உண்டு.

பட்டியல் ஒன்றில் உங்கள் பெயர் கண்முன் இருந்தும் தேடும் கட்டத்தில் ‘இல்லை’ என்று வந்தால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சிக்கலான எழுத்தைத் தவிர்த்து, பெயரின் மற்ற பகுதியை மட்டும் தட்டித் தேடிப் பாருங்கள்.

ஃபோனில் எப்படிப் பழகுவது?

• உங்கள் ஃபோனின் பிரௌசரில் கிட்ஹப் தளத்தைத் திறந்து இஆர்பிநெக்ஸ்ட் திட்டத்துக்குப் போங்கள். மெனுவில் ‘டெஸ்க்டாப் தளம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் படிக்க வசதியாக இருக்கும்.
• இலவசக் கணக்கு தொடங்கினால், திட்டத்துக்குள் பெயரைக் கொடுத்துத் தேடலாம்.
• ஒரு கோப்பில் செயற்கூறின் பெயரைத் தொட்டால், அது எழுதப்பட்ட இடமும் பயன்படும் இடங்களும் காட்டப்படும்.
• ஒரு சிறிய செயற்கூறை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை அழைக்கும் இடங்களை நோட்டில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

கல்லூரி மாணவர்களாக இருந்தால், 2022 மார்ச் 1-இல் தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் உங்கள் கல்லூரியில் மென்பொருள் பயிற்சி உள்ளதா என்று கேட்டுப் பாருங்கள். புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு முதல் நாளே புதிய மென்பொருள் எழுதும் வாய்ப்பு கிடைப்பது அபூர்வம். யாரோ எழுதிய பழைய நிரலைப் படித்து, “இதை மாத்தினா எது உடையும்?” என்று சொல்லும் வேலைதான் பெரும்பாலும் கிடைக்கும். இந்தப் பழக்கம் இருப்பவர் அங்கே சீக்கிரம் நிலைத்துவிடுவார்.

கடைக்காரர்கள் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

மென்பொருள் விற்றவர் “அப்டேட் போட்டாச்சுண்ணே” என்று சொன்னால், சரி என்று விட்டுவிடாதீர்கள். இவற்றைக் கேளுங்கள்:

1. மாற்றத்துக்கு முந்தைய தேதியில் போட்ட பில்லை இப்போது மறுபடி அச்சிட்டால் பழைய தொகையே வருமா?
2. அந்த பில்லில் இருந்து ஒரு பொருளைத் திரும்பப் பெற்றால் எந்த வரி கழியும்?
3. கல்லா, மொபைல் செயலி, மாத அறிக்கை ஆகிய மூன்றிலும் ஒரே தொகை வருமா?
4. இணைப்பு வரித் திட்டத்தில் இருந்தால், பில்லில் வரி தனியாக வராமல் இருக்கிறதா? (அந்தத் திட்டத்தில் இருப்பவர்கள் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது.)

வாயால் கேட்டால் போதாது, உங்கள் கண்முன்னே ஒரு பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

பிழையை எப்படிச் சொல்வது?

கடை மென்பொருளோ அரசு இணையச் சேவையோ, “வேலை செய்யலை” என்று மட்டும் சொன்னால் சரிசெய்பவருக்கு எங்கே தேடுவது என்று தெரியாது. நீங்கள் எந்த வழியாக உள்ளே போனீர்கள் என்பதுதான் அவருக்கு முக்கியம். அழைப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே துப்பு. எனவே இவற்றைச் சேர்த்து எழுதுங்கள்: தேதி, நேரம், செயலியா இணையதளமா, எந்தெந்தப் பொத்தானை எந்த வரிசையில் தொட்டீர்கள், என்ன வர வேண்டும், என்ன வந்தது, பில் அல்லது விண்ணப்ப எண், திரைப் படம். படத்தில் ஆதார் எண், வங்கி விவரம் இருந்தால் மறைத்துவிடுங்கள்.

வரி குறைந்தும் விலை குறையவில்லை, பில்லில் தவறான வரி போடுகிறார்கள் என்றால், முதலில் கடைக்காரரிடம் பில்லைக் காட்டிப் பேசுங்கள். பல நேரம் அது மென்பொருளின் தவறாகத்தான் இருக்கும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாநில அரசுச் சேவைகள் குறித்த குறைகளுக்கு முதல்வரின் உதவி மையம் 1100 இருக்கிறது. “ஜிஎஸ்டி அப்டேட் போடுறேன், ஓடிபி சொல்லுங்க” என்று யாராவது ஃபோனில் கேட்டால் சொல்லவே வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

செய்து பாருங்கள்

கேள்வி 1: எழுத்துத் தேடலில் 9 வரிகள். அதில் 1 எழுதப்பட்ட இடம், 2 குறிப்புகள். எடிட்டர் 5 அழைப்புகளைக் காட்டுகிறது. அடுத்து என்ன செய்வீர்கள்?
விடை: 9-இல் 3 போக 6. எடிட்டர் காட்டியது 5. விடுபட்ட அந்த ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். படிவமாகவோ அமைப்புக் கோப்பாகவோ வேறு பெயராகவோ இருக்கலாம்.

கேள்வி 2: ஒரு மாதம் பதிவு வைத்துப் பார்த்ததில் ஒரு செயற்கூறை யாருமே அழைக்கவில்லை. நீக்கிவிடலாமா?
விடை: அவசரப்பட வேண்டாம். ஆண்டு முடிவில், அதாவது மார்ச் 31-இல் மட்டும் ஓடும் வேலையாக இருக்கலாம். அமைப்புக் கோப்பு, தரவுத்தளம், நேரம் குறித்த வேலைகள் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு.

கேள்வி 3: வரிக்கு முன் 500 ரூபாய் நெய். 2025 செப்டம்பர் 21-இல் விற்றது, 23-இல் திரும்பி வந்தது. எவ்வளவு திருப்ப வேண்டும்?
விடை: 12 சதவீதத்தில் விற்றது, எனவே 560 ரூபாய். உங்கள் மென்பொருள் 525 என்று காட்டினால் திரும்பப் பெறும் திரையின் அழைப்பைப் பாருங்கள்.

வரி விகிதம் மறுபடியும் ஒருநாள் மாறலாம். இன்றே உங்கள் மென்பொருளில் அழைக்கும் இடங்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கல்லாப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், அடுத்த மாற்றத்தின்போது முதலில் எதைச் சோதிக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.